பழைய கேரவனுக்குப் புதுப் பொலிவு: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் வெயிலில் நின்ற கேரவனின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையோடு சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி வரும். பலர் அதைப் பார்த்ததும் மனம் நொந்து, "சரி, பெயின்ட் அடித்துவிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அந்த அவசரத்தில்தான் நடக்கிறது. மேல்தோல் வெயிலில் காய்ந்துபோனதால் வரும் பொடி அது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய நிறைய நேரம் இருக்கிறது. காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவனோ, தானே ஓடும் மோட்டார்ஹோமோ, வண்டியைச் சாகடிப்பது அந்தத் தோலுக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருக்கும் தண்ணீர். அதைப் பார்க்காமல் வெளியே எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் உழைப்பு வீண்.

ஃபைபர்கிளாஸ் சுவர் என்று நாம் சொல்வது பெரும்பாலான வண்டிகளில் ஒரே பலகை இல்லை. வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னே மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பசை. எங்கோ ஒரு மூலையில் இடுக்கை அடைத்திருக்கும் சீலன்ட் வெடித்து மழை இறங்கினால் பிளைவுட் ஊறும், பசை விட்டுப்போகும், தகடு தனியாக உப்பிக்கொள்ளும். நேராக நின்று பார்த்தால் இது தெரியாது. மாலை வெயிலில் வண்டியின் ஒரு முனையில் நின்று சுவரோடு கண்ணை ஒட்டிப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். சந்தேகப்படும் இடத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக 'டக்' என்று சொல்லும், விட்டுப்போன இடம் பானையைத் தட்டினதுபோல் கேட்கும். அப்புறம் உள்ளே போய், ஜன்னலின் கீழ் மூலைகளிலும் மேல் அலமாரிகளின் உள்மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பாலிஷ், பெயின்ட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒழுகலைத் தேட வேண்டும். ஈரம் காயாத சுவருக்குப் பெயின்ட் அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போலத்தான்.

ஒழுகலை அடைக்கப் போகிறவர்கள் செய்யும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கைக்குக் கிடைத்த குளியலறை சிலிகானை எடுத்து, வெடித்துக் கிடக்கும் பழைய சீலன்டின் மேலேயே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். இரண்டு காரணங்களால் இது தப்பு. பழைய சீலன்ட் சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது என்பதுதானே பிரச்சினை? கழன்றதன் மேல் புதிதை ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே கழலும். அடுத்தது, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது. புதிய சிலிகான்கூடப் பழைய சிலிகான் மேல் சரியாகப் பிடிக்காது. துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கிவிடும். நாளைக்கு அந்த இடத்தைச் சரியாகச் செய்ய வருபவர் அதைச் சுரண்டிச் சுரண்டியே ஓய்ந்துபோவார்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் பிளேடால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, துடைத்து, காயவிட்டு, கேரவனுக்கென்றே வரும் சீலன்டைப் போட வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. தானாகவே பரவிச் சமன்படுவது கூரைக்கு. அதைச் செங்குத்தான சுவரில் போட்டால் மெழுகுபோல் வழிந்துவிடும். சுவருக்கு வழியாத வகையைத்தான் வாங்க வேண்டும். ஜன்னலையோ ஓரப் பட்டையையோ கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால் அடியில் பியூட்டைல் டேப் (காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் ரப்பர் போன்ற பட்டை) கட்டாயம். வெளியே இழுக்கும் சீலன்ட் அதற்குத் துணைதான், மாற்று ஆகாது.

இங்கே இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஜன்னல் சட்டத்தின் அடியில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஜன்னல் நகரும் பள்ளத்தில் விழும் மழைநீர் வெளியேறும் வழி அது. "இதோ ஓட்டை, இதன் வழியாகத்தான் ஒழுகுகிறது" என்று அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் பள்ளம் நிரம்பி, வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்பக்கமாக வழிந்து சுவருக்குள் இறங்கும். ஏற்கெனவே அடைபட்டிருந்தால் ஒரு பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் குத்தி, சேர்ந்திருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றிப் பார்த்தால் வெளியே சொட்ட வேண்டும்.

கூரையை விட்டுவிட்டுச் சுவரில் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. சுவரில் கண்ணீர்க் கோடுகள் போல வழிந்திருக்கும் கறைகளில் பாதி மேலிருந்து வருவதுதான். ரப்பர் கூரை வெயிலில் மெல்லமெல்லப் பொடிவிடும், மழை அந்தப் பொடியைச் சுவர்மேல் இறக்கும். அதனால் கழுவுவதானாலும் அடைப்பதானாலும் மேலே ஆரம்பித்துத்தான் கீழே வர வேண்டும். ரப்பர் கூரையை பெட்ரோல், தின்னர் போன்ற எண்ணெய்ச் சார்புள்ள திரவங்களால் துடைக்காதீர்கள். ரப்பர் உப்பி, பசை விட்டு எழும்பிவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஏறும்போது கவனம், ஈரமான ரப்பர் மிகவும் வழுக்கும்.

பிரஷர் வாஷர் பற்றிச் சுருக்கமாக: அதை ஓரப் பட்டை, ஜன்னல் விளிம்பு, ஸ்டிக்கர் விளிம்பு, ஃப்ரிட்ஜின் காற்றுத் துளைப் பலகை இவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இவை எல்லாம் மேலிருந்து விழும் மழையைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டவை. பக்கவாட்டில் பீறிட்டு வரும் தண்ணீரைத் தாங்காது.

இனி அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். மங்கிய சுவரில் தண்ணீர் தெளித்தால் புதிது போல மின்னும், காய்ந்ததும் பழையபடி மங்கிவிடும். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் வரும் மாயம் அது. காய்ந்த தோலை எடுக்காமல் அதன்மேலேயே வேக்ஸ் போட்டால் நடப்பதும் இதேதான், கொஞ்ச நாள் மின்னிவிட்டுப் போய்விடும். தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷைப் பல பூச்சு பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் அருமையாகத்தான் இருக்கும். பராமரிக்காமல் விட்டால் மஞ்சள் பாய்ந்து செதில் செதிலாக உரியும், அதை எடுப்பது போட்டதைவிடப் பல மடங்கு வேலை.

முதலில் காய்ந்த தோலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் போட்டு, அப்புறம் பாலிஷ், கடைசியில் வேக்ஸ் என்பதுதான் வரிசை. வண்டி முழுக்க இறங்குவதற்கு முன், பார்வைக்குப் படாத மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் செய்து பாருங்கள். பளபளப்பு திரும்பினால் பெயின்டே தேவையில்லை. ஜெல்கோட் என்ற அந்த மேல்பூச்சு சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தாலோ, முனைகளிலும் வளைவுகளிலும் அதே வேகத்தில் ஓட்டினாலோ தேய்ந்து அடியில் உள்ள ஃபைபர் இழை தெரிந்துவிடும். தேய்ந்த ஜெல்கோட்டைத் திரும்ப வரவழைக்க முடியாது. நேரடி வெயிலில், சுவர் சுடும்போது இந்த வேலையைச் செய்வதும் கூடாது. காம்பவுண்ட் தேய்ப்பதற்கு முன்பே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

வெடித்துப்போன ஸ்டிக்கர்களை இரும்பு பிளேடால் சுரண்டுபவர்களைத் தடுக்க வேண்டும் போலிருக்கிறது. ஒவ்வொரு கீறலும் வெயிலில் பளிச்சென்று தெரியும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் பிளேடால் விளிம்பைக் கிளப்பி, மெதுவாக உரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹீட் கன் என்றால் தள்ளியே பிடியுங்கள், நெருங்கினால் ஜெல்கோட் கொப்புளிக்கும். உரித்த பிறகு பழைய கோடும் எழுத்தும் நிழலாகத் தெரியும். அந்த இடம் வெயிலே படாமல் இருந்ததால் நிறம் மாறவில்லை. பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும், முழுக்கப் போகாது. புது ஸ்டிக்கரின் வடிவத்தை அந்த நிழலை மூடும்படி தேர்ந்தெடுப்பது நல்லது.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால், உப்புத்தாள் போடும் முன் வேக்ஸையும் எண்ணெய்ப்பசையையும் துடைத்தெடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் வேக்ஸ் கீறல்களுக்குள் போய் அமர்ந்துகொண்டு, பெயின்ட் அங்கங்கே மீன்கண் போல் விலகி நிற்கும். அலுமினியத் தகடு என்றால் அதற்கான எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாமல் நேராக அடிக்கக் கூடாது, உரிந்துவிடும். நிறத்திலும் யோசனை வேண்டும். வெள்ளையாக இருந்த ஃபைபர்கிளாஸ் வண்டிக்கு அடர் கறுப்போ கருநீலமோ அடித்தால் சுவர் எக்கச்சக்கமாகச் சூடேறும், பசை பலவீனமாகும்.

ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் திரவத்தைக் கலக்கும் இரண்டு பாக பாலியூரித்தேன் பெயின்டை வெறும் தூசி மாஸ்க் கட்டிக்கொண்டு ஸ்பிரே செய்யாதீர்கள். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மூச்சுக்கவசம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால், ஒற்றைப் பாகமாக வரும் படகு எனாமலை ரோலரால் பூசி, ஈரம் காய்வதற்குள் மென்மையான பிரஷால் நுனி மட்டும் பட இழுத்துவிடுவது நல்ல வழி. சேஸிஸ் எண் பட்டையையும் கேஸ் காற்றுத்துளைகளையும் பெயின்டால் மூடிவிடாதபடி டேப் ஒட்டுங்கள்.

டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூசும் முன் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பூசிய பிறகு தெரியாது. டயரில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரம். கேரவன் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவது அதிகம், தரையில் படும் பக்கத்தின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் வயதைப் பார்த்து மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்து முதல் பெரிய மழை பெய்யும் அன்று, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போங்கள். முன்பு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த அதே மூலைகளில் காய்ந்த டிஷ்யூ தாளை ஒற்றி எடுத்துப் பாருங்கள். அலமாரியின் பின்மூலையை மறந்துவிடாதீர்கள்.