பழைய பிரிட்டிஷ் பயணப் படங்களில் ஓடும் பஸ் எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் பிலிம்ஸ் 1949ல் தொடங்கி எடுத்துத் தள்ளிய சுற்றுலாப் படங்கள், பிரிட்டிஷ் பாத்தே செய்திச்சுருள்கள் என்று இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தெருவைக் காட்டும்போது ஓரமாக ஒரு பஸ் இரண்டு விநாடி வந்துபோகும். அடையாளம் காண அது போதும். புதிதாக வருபவர்கள் எடுத்ததுமே நம்பர் பிளேட்டைத் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படத்தை நேராக்குங்கள்

பழைய படங்களின் அகல-உயர விகிதம் பெரும்பாலும் 4:3. அதை 16:9க்கு இழுத்து ஏற்றியிருப்பார்கள். பக்கவாட்டில் நிற்கும் பஸ்ஸின் சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் இழுத்த படம்தான். கோப்பை விஎல்சி (VLC) வீடியோ பிளேயரில் திறந்து, 4:3 வரும்வரை ‘ஏ’ (A) விசையை அழுத்துங்கள். ‘இ’ (E) விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் ‘டி’ (D) விசை. ஷிஃப்ட்டும் ‘எஸ்’ஸும் சேர்ந்தால் ஸ்னாப்ஷாட். யூடியூபிலும் நிறுத்திவைத்துக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் நகர்த்தலாம். ஆனால் விகிதத்தைத் திருத்த முடியாது என்பதால் என் ஓட்டு விஎல்சிக்கே.

அரை அடிதான் இங்கே முடிவு சொல்லும். பஸ்ஸின் அகலம் 1946 வரை 7 அடி 6 அங்குலம், அதன்பிறகே 8 அடிக்கு அனுமதி. லண்டனின் ஆர்டி (RT) வகை டபுள் டெக்கர் 7½ அடி. அதே சாயலில் வந்த 500 ஆர்டிடபிள்யூ (RTW) பஸ்கள் 8 அடி. இழுத்த படத்தில் எல்லா ஆர்டியும் ஆர்டிடபிள்யூவாகத் தெரியும்.

படி 2: எஞ்சின் எங்கே?

டிரைவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் சின்னக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் அரைக்கூண்டு வகை. மூக்கு நீண்ட சிறிய கோச், பக்கவாட்டுப் பட்டை பின்பக்கம் வளைந்து இறங்குகிறது என்றால் பெட்ஃபோர்ட் ஓபி, டூப்பிள் விஸ்டா பாடி. வழக்கமாக 29 இருக்கை. முகம் தட்டையாக இருந்தால் எஞ்சின் பஸ்ஸின் தளத்துக்கு அடியில், ஆண்டு பெரும்பாலும் 1950 அல்லது அதற்குப் பிறகு. மிட்லண்ட் ரெட் பஸ் நிறுவனம் மட்டும் அதைத் தன் சொந்தத் தயாரிப்பில் 1946லேயே செய்துவிட்டது.

தட்டை முகத்தில் ஒரு பொறி உண்டு. 1950ல் வந்த பெட்ஃபோர்ட் எஸ்பியும் தட்டை முகம்தான், ஆனால் எஞ்சின் முன்னால். கதவு முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் எஸ்பியைச் சந்தேகியுங்கள்.

படி 3: ரேடியேட்டர், பிறகு நிறம்

ரேடியேட்டர் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். முக்கோண முத்திரை என்றால் ஏஇசி. மூடியில் செவ்விந்தியத் தலை இருந்தால் ‘கை’ (Guy) நிறுவனம். மேல்விளிம்பு வரிவரியாக இருந்தால் டெய்ம்லர். பிரிஸ்டல் என்றால் அதிர்ஷ்டம்: 1948க்குப் பின் 1960களின் நடுப்பகுதி வரை அந்தத் தொழிற்சாலை அரசுடைமை நிறுவனங்களுக்கு மட்டுமே விற்றது. ஆகவே புதிய பிரிஸ்டல் தெரிந்தாலே உரிமையாளர் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல். மங்கிய ஈஸ்ட்மேன்கலர் பிரதி முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். பச்சை பஸ் பழுப்பாகத் தெரியும்.

படி 4: இப்போது நம்பர் பிளேட்

மூன்று எழுத்து இருந்தால் கடைசி இரண்டும் ஊர்: ‘ஒய்ஒய்’ (YY) லண்டன், ‘டிஏ’ (TA), ‘ஓடி’ (OD) டெவன், ‘யுஎஃப்’ (UF) பிரைட்டன். அது பதிவு செய்த ஊர், படம் எடுத்த ஊர் அல்ல. லண்டன் விக்டோரியா கோச் ஸ்டேஷனில் ராயல் புளூ நிறுவனத்தின் கோச் டெவன் எண்ணோடு நிற்பது இயல்பு. எண்ணின் முடிவில் தனி எழுத்து இருந்தால் 1963 அல்லது அதற்குப் பிறகு. இல்லாவிட்டால் அதற்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் 1965ல்தான் அது எல்லா ஊருக்கும் கட்டாயமானது.

லண்டன் பஸ்தான் ஆளைக் கவிழ்க்கும். முதல் ரூட்மாஸ்டர் (ஆர்எம்) டபுள் டெக்கர்களில் எண் சுலபம்: ‘விஎல்டி 5’ (VLT 5) என்றால் ஆர்எம் 5. ஆனால் லண்டன் பஸ்களைச் செப்பனிட்ட ஆல்டன்ஹாம் பணிமனையில் பாடியையும் சேஸியையும் (அடிச்சட்டம்) தனித்தனியாகக் கழற்றிச் செப்பனிடுவார்கள். உள்ளே போன பஸ்ஸின் எண்ணை, வேலை முடிந்து தயாராக நிற்கும் வேறொன்றில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். அதனால் கூரையில் தடம் எண் பெட்டி உள்ள பழைய ஆர்டி பாடி, பிற்கால எண்ணோடு ஓடும். எண்ணும் பாடியும் முரண்பட்டால் இரண்டையும் குறித்துவையுங்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஓய்வுபெற்ற இந்த வண்டிகளில் பல, 1958ல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போயின. கொழும்புக் காட்சியில் லண்டன் டபுள் டெக்கர் வந்தால் திகைக்கவேண்டாம்.

படி 5: ஆண்டை நெருக்குங்கள்

பஸ் வெளிவந்த ஆண்டு கீழ் எல்லை, படம் வெளியான ஆண்டு மேல் எல்லை. நடுவில் தெருவே சாட்சி சொல்லும். லண்டனில் டிராம் ஓடினால் 1952 ஜூலைக்குள். டிராலிபஸ் ஓடினால் 1962 மே 8க்குள். எம்1 நெடுஞ்சாலையில் போக்குவரத்து தெரிந்தால் 1959 நவம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு. பழைய துண்டுகளைப் புதுப் படத்தில் ஒட்டுவது அன்று சகஜம். அதனால் ஒவ்வொரு காட்சியையும் தனியாகக் கணக்கிடுங்கள்.

சேர்க்கை: பின்படிக்கட்டு வலப்பக்கம் தெரிகிறதா? பிரிட்டிஷ் பஸ்ஸில் அது இடப்பக்கம் இருக்கவேண்டும்; பிரதி இடவலமாகத் திரும்பிவிட்டது. விஎல்சி வீடியோ எஃபெக்ட்ஸில் ஜியோமெட்ரி பகுதியில் திருப்பிக்கொள்ளலாம். சாலையின் வலப்பக்கம் ஓடுவதை மட்டும் வைத்துத் திருப்பாதீர்கள். அது ஐரோப்பா சுற்றுலா போன கோச்சாக இருக்கலாம். முதலில் கடைப் பலகையின் எழுத்தைப் பாருங்கள்.