பெருவிரல் வீக்கமும் பழச்சாற்றுப் புட்டியும்

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே தாங்க முடியாதபடி வலித்தது. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவியதில் வலி கூடியது. மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 5.8 என்று இயல்பான அளவில் வந்ததால், இது அந்த அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் கவுட் எனும் கீல்வாதம் அல்ல என்று நானே முடிவு செய்து நாள்களை வீணடித்தேன். வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு இயல்பானதாகவே காட்டக்கூடும் என்பதால், வீக்கம் அடங்கி இரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டுமாம். அவ்வாறு பார்த்தபோது 8.9 இருந்தது.

உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த ஆட்டு ஈரலையும் நெத்திலிக் கருவாட்டையும் உடனே விட்டேன். பருப்பையும் கீரையையும் விட்டது தேவையற்ற வேலை. தாவரப் பியூரின் இந்நோயைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. ஆயினும் வலி திரும்பியது. உண்பதோடு குடிப்பதையும் நோட்டில் குறித்தபோதுதான், மாலைதோறும் குடித்த அரை லிட்டர் புட்டிப் பழச்சாறு கண்ணில் பட்டது. அதிலுள்ள ஃப்ரக்டோஸ் எனும் சர்க்கரை கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதை நிறுத்தி, யூரிக் அமிலத்தைக் குறைக்க மருத்துவர் தந்த அலோபியூரினால் மாத்திரையையும் தவறாமல் உட்கொண்டதில் மூன்று மாதங்களில் 5.6க்கு இறங்கியது, உணவுக் கட்டுப்பாடு மட்டும் இவ்வளவு இறக்கியிராது. பருப்பு மீண்டும் தட்டுக்கு வந்துவிட்டது, நிம்மதியாக இருக்கிறது.