கற்பனை ஊரைத் தண்ணீரிலிருந்து கட்டுவது எப்படி? (புதிதாகக் கதை எழுதுகிறவர்களுக்கு)

மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் வேலை. ராத்திரியில் கதை எழுதுவேன், அதிலும் எங்கேயும் இல்லாத ஊர்களில் நடக்கிற கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். சில வருஷம் முன்னால் அப்படி ஓர் ஊரை உருவாக்கி, வட்டவட்டமாக ஏழு மதில், மதிலுக்கு ஒரு வாசல், நடுவில் அரண்மனை என்று பெரிய சார்ட் பேப்பரில் வரைந்து மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். கடைக்கால் அளவு வாங்க வந்த கொத்தனார் ஒருவர் அதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இதுல மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?"

"இது கதைக்கு வரைஞ்சதுண்ணே."

"ஏன், கதையில மழை பெய்யாதா?" என்று கேட்டுவிட்டு அளவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு மதிலில் ஒன்றில்கூடத் தண்ணீர் வடிய நான் வழி வைக்கவில்லை. ஐப்பசி அடைமழை இரண்டு நாள் பிடித்தால் அந்த ஊரே ஒரு தொட்டி. அன்றைக்கே படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, தண்ணீரிலிருந்து தொடங்கி வேறொரு ஊரை வரைந்தேன். அப்போதிலிருந்து எல்லாக் கற்பனை ஊரையும் அப்படித்தான் தொடங்குகிறேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஒரு பென்சில், ஒரு ரப்பர், கட்டம் போட்ட நோட்டு, இவ்வளவுதான் வேண்டும். படம் வரையத் தெரியாதவர்களும் செய்யலாம், கோடு போடத் தெரிந்தால் போதும்.

முதல் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது

நோட்டில் முதல் கோடு தண்ணீருக்கு. ஆறோ, ஏரியோ, ஊற்றோ, மலையிலிருந்து இறங்கும் ஓடையோ, எதுவாகவும் இருக்கட்டும், வருகிற பக்கத்துக்கும் போகிற பக்கத்துக்கும் அம்புக்குறி போட்டுவிடுங்கள். மேடு எது பள்ளம் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும், மேட்டில் யார் வீடு இருக்கும் பள்ளத்தில் யார் வீடு இருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

நம் டெல்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஆகவே தண்ணீர் அந்தப் பக்கமே ஓடப் பார்க்கும். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டும் மறுபடி நெருங்குகிற இடத்தில்தான் கல்லணை இருக்கிறது, கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லிவரும் அணை. காவிரித் தண்ணீரைக் கொள்ளிடத்துக்கு நழுவ விடாமல் வயல் பக்கம் திருப்புவதும், வெள்ளம் மிஞ்சினால் அதைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதும் அதன் வேலை. பின்னாளில் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டும் காவிரி தூர்ந்துகொண்டும் வந்ததால் 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. இன்றைக்கும் ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்பதைப் பார்த்துத்தான் பல ஊர்களில் குறுவை நெல் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். தண்ணீர் நிச்சயம் என்று தெரிந்தால்தான் வீட்டு வேலையைத் தொடங்குவோம் என்று சொல்கிறவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைக்காரர் நாற்று விட்ட பிறகும் கடைசியில் வந்து சேரும் கடைமடைக்காரர் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சில நாள் இடைவெளிக்குள் எத்தனை சண்டை, எத்தனை சமாதானம், மதகுப் பக்கத்தில் எத்தனை ராத்திரிக் காவல் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கதை அங்கேதான் கிடக்கிறது.

இப்போது உங்கள் உலகத்துக்காக இயற்கையின் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றை மாற்றாதீர்கள், புதிதாக எழுதுகிறவர்கள் பறக்கும் மலை, பேசும் மரம், இரண்டு நிலா என்று எல்லாவற்றையும் ஒரே ஊரில் போட்டுவிட்டு ஒன்றின் விளைவைக்கூடக் கடைசிவரை யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் மாற்றியது இது: ஒவ்வொரு ஐப்பசி வெள்ளத்திலும் ஆறு தன் தடத்தை விட்டு வேறு தடத்தில் ஓடும். ஆற்றுக்கு 'நடந்தாள்' என்று பெயர் வைத்தேன், ஊருக்கு நடந்தாள்கரை. ஊரில் நகராத பொருள் ஒன்றே ஒன்று, பாறைமேட்டில் இருக்கும் கோயில். இந்த வருஷம் அது வடகரைக் கோயில், அடுத்த வருஷம் தென்கரைக் கோயிலாகிவிடலாம். எந்தக் கரையில் கோயில் இருக்கிறதோ அந்தக் கரைக்காரர்கள்தான் அந்த வருஷத்துப் படியரிசி, அதாவது சாமிக்குப் படைக்கிற அரிசி, அளக்க வேண்டும்.

இரண்டாம் படி: கைக்கு எட்டுவது என்ன?

சுவர் எதனால்? கூரை எதனால்? ஊரைச் சுற்றி ஒரு நாள் நடையில் என்ன கிடைக்குமோ அதைக்கொண்டுதான் சாதாரண மனிதர்கள் வீடு கட்டுவார்கள். டெல்டாவில் கிடைப்பது வண்டல் மண். அதனால் செங்கல், நாட்டு ஓடு, மண் சுவர். கடற்கரையில் கிளிஞ்சல், அதைச் சுட்டால் சுண்ணாம்பு. தென்னை, பனை, மூங்கில். கருங்கல் கிடையாது.

கருங்கல் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1010-இல் முடிந்தது, விமானம் ஏறக்குறைய 216 அடி, அத்தனையும் வெளியிலிருந்து கொண்டுவந்த கல். அதற்கு முந்தைய தலைமுறையில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றிக்கொண்டிருந்தார். கல்லே இல்லாத ஊரில் ஒரு கட்டடம் கல்லால் நிற்கிறது என்றால் அதைக் கட்டியவருக்கு எத்தனை வண்டி, எத்தனை மாடு, எத்தனை ஆள் கைவசம் இருந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. உங்கள் கதையில் "அரசன் மிகுந்த செல்வாக்கு உடையவன்" என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை, அந்த ஊரில் கிடைக்காத பொருளால் அவன் வீட்டைக் கட்டுங்கள்.

எளியவர் வீட்டையும் அதே கவனத்தோடு யோசியுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கீற்றுக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் தளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே ராத்திரியில் பார்த்தோம். அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் நிறைய பேர், வீடு எப்படியிருந்தாலும் ஒரே ஒரு அறையாவது தளம் போட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த ஓர் அறையில் ஒரு குடும்பத்தின் பயம் முழுக்க இருக்கிறது.

நடந்தாள்கரையில் ஆறு எப்போது வீட்டுப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் சுவருக்கு யாரும் செலவு செய்ய மாட்டார்கள். சுவர் மண், வருஷத்துக்கு ஒருமுறை குழைத்து எழுப்புவது. தூணும் கதவும் மட்டும் நல்ல மரம், ஊர் நகரும்போது தோளில் தூக்கிக்கொண்டு போவது. ஒரு குடும்பத்தின் சொத்து அதன் கதவுதான். பாட்டி கதவு யாருக்கு என்பதில்தான் அங்கே பாகப்பிரிவினைச் சண்டை.

மூன்றாம் படி: ஒரே ஒரு வீட்டை முழுசாக வரையுங்கள்

ஊர் முழுக்க வரையாதீர்கள். ஒரு வீடு, அதை மட்டும் உள்ளே போய் வரையுங்கள். இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீணாகாது.

எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு அகலம் குறைவாக, நீளமாக இருக்கும். திண்ணை, அதைத் தாண்டி நடை, பிறகு நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், அடுத்து அடுக்களை, கடைசியில் கிணற்றடியும் கொல்லையும். வாசலில் நின்றால் கொல்லை வாழைமரம் தெரியும். முற்றம் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் வருகின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் முற்றத்தின் மூலையைப் பார்க்கச் சொல்வேன். இரண்டு ஓட்டுச் சரிவுகள் உள்பக்கமாகச் சேரும் இடத்துக்குக் கூடல்வாய் என்று பெயர். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அங்கே பதித்திருக்கும் ஒரு தகரத்தில் சேர்ந்து மூலையில் கொட்டும். மழை வலுத்தால் வீட்டுப் பெண்கள் அண்டாவைக் கொண்டுபோய் அதற்கடியில் வைப்பார்கள், முதலில் டம டம என்று ஒரு சத்தம், நிரம்ப நிரம்ப அது கனத்துக்கொண்டே வந்து கடைசியில் சத்தமே மாறிப்போகும், படுத்துக்கொண்டே அண்டா நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடலாம். தகரம் துருப்பிடித்தால் ஒழுகல் அங்கேதான் தொடங்கும், கீழே இருக்கிற விட்டம் கறுக்கும், இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் விட்டத்தை மாற்ற வேண்டியதுதான். ஒரு குடும்பம் நொடித்துவிட்டது என்பதைக் காட்ட எனக்கு அந்தக் கறுத்த விட்டம் போதும்.

வீட்டை வரைந்ததும் அதில் உடம்பு பட்ட இடங்களைக் குறியுங்கள். தாத்தா சாய்ந்து உட்காரும் தூணில் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை, விளக்கு மாடத்துக்கு மேலே கரி, குனிந்து போக வேண்டிய நிலைப்படி. இவை எல்லாம் வர்ணனைக்கு மட்டும் இல்லை. பாத்திரம் எங்கே உட்காரும், எங்கே இடித்துக்கொள்ளும் என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

நடந்தாள்கரை வீட்டுக்கு இந்தப் படியைச் செய்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆறு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத ஊரில் வாசல் எது, கொல்லை எது? இரண்டு பக்கமும் ஒரேமாதிரிதான் கட்டியாக வேண்டும். அடுக்களை நடுவில் வந்துவிடுகிறது, வீட்டுக்குப் பின்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது, வெளியே யாரும் பார்க்காமல் அழுவதற்கு ஓர் இடமும் கிடையாது. இதை நான் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை, பிளானில் வந்தது.

நான்காம் படி: யார் எதுவரை வரலாம்

வரைந்த வீட்டில் வேற்று ஆள் எங்கே நிற்பான், உறவுக்காரன் எங்கே உட்காருவான், வேலை செய்கிறவள் எந்தக் கதவு வழியாக வருவாள் என்று கோடு போடுங்கள். பிறகு தெருவுக்கு வாருங்கள். எங்கள் ஊர்களில் கோயிலைச் சுற்றி ஒரு தெரு, தள்ளிக் குடியானவர் தெரு, வயலைத் தாண்டிச் சேரி என்று ஊர் வரைபடமே சாதியை எழுதி வைத்திருக்கிறது, ஆற்றில் குளிக்கும் படித்துறையிலிருந்து சுடுகாட்டுப் பாதைவரை. இதை மறைத்துவிட்டு எழுதினால் அந்த ஊர் பொய்யாகிவிடும். உங்கள் உலகத்திலும் யாரோ ஒருவரைச் சுற்றுவழியில் நடக்க வைத்திருப்பார்கள். அந்தச் சுற்றுவழி எது என்று கண்டுபிடித்து வரைபடத்தில் போடுங்கள்.

பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்கள் (கோயிலில் ஆடிப்பாடிப் பணி செய்தவர்கள்) நானூறு பேரைக் குடியமர்த்திய செய்தி இருக்கிறது. ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. தென்சிறகு, வடசிறகு. ஆயிரம் வருஷம் கழித்தும் அந்தத் தெருவை ஒருவர் திரும்ப வரைந்துவிடலாம். உங்கள் கற்பனைத் தெருவுக்கும் அப்படி ஒரு பட்டியல் எழுதுங்கள், பத்து வீடு போதும்.

ஐந்தாம் படி: அளவும் பெயரும்

இது சீக்கிரம் முடிகிற வேலை. உங்கள் மக்கள் எதால் அளக்கிறார்கள்? இங்கே இன்னும் நிலத்தை மா என்றுதான் சொல்கிறோம், மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. திருவாரூரைப் பற்றிக் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். ஓர் ஊரின் பெருமையையே நில அளவில் சொல்கிற மக்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்று அந்த ஒரு வரியில் தெரிகிறது. பெயரும் அப்படித்தான். துறை என்று முடிந்தால் ஆற்றில் இறங்கும் இடம், பட்டினம் என்றால் கடல் வணிகம். காதுக்கு விநோதமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்காதீர்கள்.

கூடவே, ஊரில் ஒரு கட்டடத்தையாவது வேறு யாரோ முன்னால் கட்டியதாக வையுங்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அலைக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதன் நிழலில் வலை காயப்போடுவதாக ஒரு காட்சி எழுதிப் பாருங்கள், வரலாறு தானாக வந்துவிடும்.

கடைசிப் படி: ஒருவரிடம் சுமையைக் கொடுத்து நடக்க விடுங்கள்

வரைபடம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஒரு பாத்திரத்தின் தலையில் எதையாவது ஏற்றி, ராத்திரியில், மழையில், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்புங்கள். எங்கே வழுக்கும், எங்கே ஒதுங்குவாள், யார் திண்ணையில் கேட்காமல் ஏறலாம், எங்கே நாய் குரைக்கும் என்று ஒவ்வொரு அடியாக எழுதுங்கள். பேனா நிற்கிற இடத்தில் ஊர் இன்னும் கட்டப்படவில்லை என்று அர்த்தம்.

நடந்தாள்கரையில் நான் ஒரு பெண்ணை அப்படி அனுப்பினேன். ஆறு மேற்கே திரும்பிவிட்டது, அவள் பாட்டி கதவைத் தலையில் வைத்துக்கொண்டு கோயில் மேட்டை நோக்கி நடக்கிறாள், நிறைமாதம். பாதி வழியில் அவளால் முடியவில்லை. கதவைக் கீழே போட்டால் சேற்றில் புதைந்துவிடும், இறக்கி வைக்க ஆள் இல்லை. பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் எங்கள் பக்கம் பழைய சாலை ஓரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்து, தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற வசதியாக ஆள் உயரத்துக்கு வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் சுமை இறங்கட்டும் என்று அவள் நினைவாக வீட்டார் நட்டு வைப்பது.

வரைபடத்தைத் திரும்ப எடுத்து, ஊருக்கும் கோயில் மேட்டுக்கும் நடுவில் மூன்று இடங்களில் சின்னச் சதுரம் போட்டுக் 'கதவுதாங்கி' என்று எழுதினேன். முதல் இரண்டும் யார் நினைவாக வைத்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. மூன்றாவதில் அந்தப் பெண் கதவைச் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள், கல்லில் வெட்டியிருக்கும் பெயரைக் கையால் தடவிப் பார்க்கிறாள். அந்தப் பெயர் யாருடையது என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.