25,000 ரூபாயும் பழைய ஸ்டீரியோவும்: எதை முதலில் மாற்றுவது?

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி போனஸில் ஒரு புது ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தேன். அப்பா வாங்கிய பழையதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதியதை இணைத்து, விளக்கை அணைத்து உட்கார்ந்தேன். மிருதங்கம் அதே ஓட்டைப் பானைச் சத்தத்தோடுதான் கேட்டது. நான்கு நாள் கழித்து ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பார்த்தால், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனின் விளிம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. பழுது ஓரிடத்தில், நான் பணத்தைக் கொட்டியது வேறிடத்தில்.

அதன்பிறகு நான் பின்பற்றும் வரிசை இது. உங்களிடம் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கின்றன, கையில் 25,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: குறையை எழுதுங்கள்

‘நல்ல சவுண்டு வேண்டும்’ என்று கடைக்குப் போனால், கடைக்காரருக்கு விற்க வேண்டியது எதுவோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும். நன்றாகப் பழகிய மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றேனும் கச்சேரிப் பதிவாக இருக்கட்டும். மிருதங்கத்தின் தொப்பி அடி தனியாக விழுகிறதா, அல்லது அறையெங்கும் ‘கும்’ என்று பரவுகிறதா? தம்புரா கேட்கிறதா? பாடுபவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதா? எது உறுத்துகிறதோ அதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த வரியோடு ஒப்பிட்டால் போதும்.

படி 2: ஸ்பீக்கரை இடம் மாற்றுங்கள்

காசு செலவில்லாத இந்தப் படிதான் பெரும்பாலான வீடுகளில் அதிக வித்தியாசம் தருகிறது. நம் வீடுகளில் ஸ்பீக்கர்கள் கொலுவில் செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும்போல ஷோகேஸுக்குள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் பீரோவின் தலையில் இருக்கும்.

சுவரை ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். அந்தக் கூடுதல் பேஸ்தான் மிருதங்கத்தையும் பாட்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. பின்சுவரிலிருந்து ஓர் அடி, முடிந்தால் இரண்டடி முன்னால் இழுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமையும். உயர்ந்த சுரங்களைத் தரும் சின்ன ட்வீட்டர், உட்கார்ந்த நிலையில் உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மர ஸ்டூல் போதும்.

அடுத்து அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘சிர்ர்’ என்று ஓர் ஒலி தொடர்ந்தால், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் ஒலியைப் பந்துபோல எறிந்து விளையாடுகின்றன என்று பொருள். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரோரம் புத்தக அலமாரி ஆகியவை இதைப் பெருமளவு அடக்கிவிடும். கூடத்தின் நடுவில் ஸ்பீக்கர் நிற்பதை வீட்டார் எளிதில் ஒப்பமாட்டார்கள். என் வீட்டில், பாட்டு முடிந்ததும் சுவரோரம் தள்ளிவைப்பது என்று உடன்படிக்கை ஆயிற்று. தரையில் ஒட்டிய சிறு டேப் துண்டுகள்தான் மறுநாள் சரியான இடத்தைக் காட்டுகின்றன.

படி 3: குற்றவாளி யார்?

ஒரு பக்கம் மட்டும் மந்தமாகவோ கரகரப்பாகவோ இருந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். குறை அதே ஸ்பீக்கரில் தங்கினால் பழுது ஸ்பீக்கரில் அல்லது அதன் ஒயரில். குறை மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒயர்களைப் பழையபடி வைத்து, இப்போது ஃபோனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிவப்பு, வெள்ளை முனைகளை மாற்றுங்கள். குறை தாவினால் அந்தக் கருவியிலோ அதன் ஒயரிலோ கோளாறு. தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபயர்தான்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சோர்ந்திருந்தால் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உதிர்வது இயல்பு. கடலோர ஊரின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் உழைக்கும். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். மைக்செட்காரர்களுக்கு ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடைகளில் கேளுங்கள்; புது ஜோடி வாங்கும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

பேஸே இல்லாமல், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அலைந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் முனைகள் இடம் மாறியிருக்கலாம். சந்தேகம் தீர, ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் கணநேரம் தொட்டு எடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களிலும் பேஸைத் தரும் பெரிய வூஃபரின் கோன் ஒரே திசையில் அசைய வேண்டும்.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தால் சரியாகிவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று முனகினால், உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

படி 4: பணம் எங்கே போக வேண்டும்?

இவ்வளவுக்குப் பிறகும் குறை தீராவிட்டால், பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். நல்ல நிலையிலுள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் சிறியது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே இருப்பது கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியது. என் கணக்கு: ஆம்ப்ளிஃபயர் சரியாக இருந்தால் ஸ்பீக்கருக்கு 20,000, ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும் மீதி. ஆம்ப்ளிஃபயரும் போய்விட்டதென்றால் ஸ்பீக்கருக்கு 15,000, மற்றதற்கு 10,000.

வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். தொண்ணூறுகளில் சின்ன டேப் ரெக்கார்டர்மேல்கூட ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச சக்தி) என்று ஒட்டியிருப்பார்கள். அது யாரும் காதால் கேட்காத வாட். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். அதுகூட இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40 வாட்டை விட்டு 60 வாட்டுக்குப் போவதில் பயனில்லை.

அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது, உங்களுக்கு அதிகம் சொல்லும். 84 டெசிபல் ஸ்பீக்கரை 100 வாட்டில் ஓட்டினால் வரும் ஒலி, 90 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட்டிலேயே வந்துவிடும். பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓமா, 4 ஓமா என்பதையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் குறைந்தது 8 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சூடாக்க வேண்டாம்.

மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி-வகுப்பு எனப்படும் உள்ளங்கையளவு ஆம்ப்ளிஃபயர்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பெட்டியில் 100 வாட் என்றிருக்கும். கூட வரும் அடாப்டர் 19 வோல்ட் என்றால், 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் இருபது வாட்டுக்குச் சற்று மேல்தான் தர முடியும். 12க்கு 10 அடி அறைக்கு அது போதும். பொய்யை ஒட்டியிருக்கிறார்களே தவிர, பொருள் மோசமில்லை.

ஒயருக்கு மின்சாதனக் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் தூரம்வரை தாராளம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் தேய்ந்த ஊசியை மாற்றினாலே வேறு கருவி வாங்கியதுபோல் இருக்கும்.

படி 5: வாங்கப் போகும் நாள்

சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவில் தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உங்கள் மூன்று பதிவுகளை எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் ஜொலிக்கும். இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்கட்டும். சற்றே உரத்துப் பாடுவது நல்லதாகத் தோன்றுவது காதின் பலவீனம், விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஃபோனிலுள்ள டெசிபல் ஆப் ஒன்றை ஸ்பீக்கர்முன் நீட்டிச் சரிபார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

பழைய பொருளென்றால் கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற உள்நாட்டு ஸ்பீக்கர்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் துணியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் நீட்டாதீர்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கேட்ட ஒலி வேறு, உங்கள் கூடத்தில் கேட்கும் ஒலி வேறு. அட்டைப்பெட்டியையும் அந்த நாள் கடக்கும்வரை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பரணில் வையுங்கள்.