லாரி விபத்து: காரணம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

லாரி விபத்து நடந்த இடத்துக்குப் போனால், விசாரணை தொடங்கும் முன்பே காரணம் தயாராக இருக்கும். "பிரேக் பிடிக்கலை", "டிரைவர் தூங்கிட்டார்", "டயர் வெடிச்சிடுச்சு". இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதையே முடிவாக வைத்துக்கொண்டு தடயம் பார்க்கக் கிளம்பினால், அதற்கு ஒத்துவருவது மட்டும்தான் கண்ணில் படும். மற்றவை கிரேன் வந்து வண்டியைத் தூக்கும்போதே அழிந்துவிடும். காரணம் தவறாகப் பதிவாவதற்கு இந்த அவசரம்தான் பெரிய வழி என்பது என் எண்ணம்.

பிரேக்கில் இது மிக மோசமாக நடக்கிறது. கனரக லாரிகளில் இருப்பது ஏர் பிரேக். பெடலை மிதித்தால் காற்றழுத்தம் சேம்பர் என்ற காற்று அறைக்குள் போய் புஷ் ராட் என்ற தண்டை வெளியே தள்ளும். அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பி, பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். புஷ் ராட் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்ற அளவை வைத்தே அந்தச் சக்கரத்தின் பிரேக் சரியாக இருந்ததா என்று சொல்ல முடியும். டைப் 30 என்ற சாதாரண வகைச் சேம்பரில் அது 2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. காற்று டேங்கில் 90 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் வைத்து, பெடலை முழுக்க மிதித்து அளக்க வேண்டும்.

மோதலில் காற்றுக் குழாய் அறுந்தால், காற்றழுத்தத்தால் அடக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுகி, சக்கரம் உருளாது. வண்டியை இழுக்க வந்தவர்கள் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு இழுப்பார்கள். அந்த நிமிடத்தோடு அளவு போய்விட்டது. பிறகு அளந்தால் நன்றாக இருந்த பிரேக்கும் கெட்டதாகத் தெரியும். அதனால் இழுக்கும் முன்பே அளந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அட்ஜஸ்டரைத் தொடாமல், ஸ்பிரிங்கை போல்ட் போட்டு அடக்கி இழுக்கச் சொல்ல வேண்டும். வண்டி எந்த கியரில் இருந்தது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆறிப்போன டிரம்மில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து பிரேக் நன்றாக இருந்தது என்று எழுதிவிடுவது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் டிரம் சூடேறி விரியும், ஷூவை விட்டு விலகும், புஷ் ராட் இன்னும் தூரம் போக வேண்டிவரும். டிரம்மில் நீலம் பாய்ந்த நிறம், வெப்ப வெடிப்பு, ஷூவின் மேலுள்ள லைனிங்கில் (உராய்வுப் பட்டையில்) பளபளப்பு இவையெல்லாம் அந்தச் சூட்டைக் காட்டும். "காற்று இறங்கிப்போய் பிரேக்கே இல்லை" என்று சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் பிடிக்கத்தான் செய்யும். ஏன் பிடிக்கவில்லை என்பது அடுத்த கேள்வி.

விளக்கு எரிந்ததா என்று பார்க்க சுவிட்சைப் போடுவது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. இழை உள்ள பல்பு மோதும்போது எரிந்துகொண்டிருந்தால், சூடான இழை நீண்டு வளைந்திருக்கும். எரியும்போதே கண்ணாடி உடைந்திருந்தால் இழையின் மேல் வெள்ளைப் பொடி படியும். அணைந்திருந்த இழை வடிவம் மாறாமல் இருக்கும், அல்லது பளிச்சென்று முறிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் உடைந்த பல்பின் இழை அங்கேயே எரிந்து கருகி, அந்த வித்தியாசம் மறைந்துவிடும். எல்இடி விளக்கில் இந்த முறை செல்லாது.

சாலையில் உள்ள டயர் தடத்தை வைத்து வேகம் கணக்கிடும்போது காருக்கான உராய்வு எண்ணை (சாலையில் டயருக்கு உள்ள பிடிப்பின் அளவை) லாரிக்குப் போடுவதும் அடிக்கடி நடப்பது. லாரி டயருக்கு உலர்ந்த சாலையிலும் பிடிப்பு குறைவு. எல்லாச் சக்கரமும் சுழலாமல் பூட்டி, 40 மீட்டர் தேய்த்துக்கொண்டு வந்து வண்டி நின்றது என்று வைப்போம். உராய்வு எண் 0.7 என்றால் வேகம் மணிக்கு சுமார் 84 கிலோமீட்டர், 0.5 என்றால் சுமார் 71. ஒருவர் வேக வரம்பை மீறினாரா இல்லையா என்பதையே இந்த வித்தியாசம் மாற்றிவிடலாம். அப்புறம், தடமே இல்லை என்பதால் பிரேக் போடவில்லை என்று ஆகாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி மங்கலான தடம்தான் விடும்.

சரி, இன்ஜின் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பீர்கள். திடீரென வேகம் குறைந்தால் அதற்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர் விவரத்தைப் பல இன்ஜின்கள் பதிந்து வைக்கும். ஆனால் சாவியைப் போட்டு வண்டியை நகர்த்தினால், சில மாடல்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். எடுத்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அந்த வேகம் டிரைவ் ஷாஃப்ட் சுழல்வதை வைத்துக் கணக்கிடப்படுவது. வேறு அளவு டயர் மாட்டியிருந்தால் கணக்கு பிசகும். பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், வண்டி சறுக்கி ஓடும்போதே பதிவில் வேகம் பூஜ்யத்துக்கு இறங்கும். சாலைத் தடத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வண்டி கவிழ்ந்திருந்தால் சரக்கை இறக்கும் முன் கட்டுகளைப் படம் எடுங்கள், முடிந்தால் எடை போடுங்கள். பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் ஒரு பக்கம் அலைந்து சாய்வதால், அதிக வேகம் இல்லாமலும் வண்டி கவிழும். வண்டி நின்ற இடத்தை மோதிய இடமாகக் குறிக்காதீர்கள். சாலையில் உலோகம் கீறிய பள்ளமும் கண்ணாடிச் சிதறல் தொடங்கும் இடமும்தான் அதைச் சொல்லும். பார்த்ததாகச் சொல்பவர் சத்தம் கேட்டுத் திரும்பினாரா, மோதுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தாரா என்று தனியாக வைத்துக் கேளுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் "டிரைவரின் கவனக்குறைவு" என்று ஒரு வரியில் முடிப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை 963 கனரக லாரி விபத்துகளை ஆராய்ந்தார்கள். மோதலைத் தவிர்க்க முடியாமல் செய்த உடனடிக் காரணம் லாரியின் பக்கம் இருந்த விபத்துகளில், 87 சதவீதம் டிரைவர் சம்பந்தப்பட்டவை. இதை "87 சதவீத விபத்துக்கு டிரைவரே காரணம்" என்று மேற்கோள் காட்டுவது தவறு. உடனடிக் காரணம் தன் பக்கம் இருந்த லாரிகளே மொத்த லாரிகளில் 55 சதவீதம்தான். ஒரு விபத்துக்கு ஒரேயொரு உடனடிக் காரணம்தான் குறிக்கப்பட்டது. கூட இருந்த மற்ற அம்சங்கள் தனியாகப் பதிவாயின. சுமார் 29 சதவீத லாரிகளில் பிரேக் கோளாறு இருந்தது அந்தப் பதிவில்தான் தெரிந்தது.

டிரைவர் தூங்கினார் என்றால் முந்தைய மூன்று நாள்களில் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது படுத்தார், அந்த நேரத்தில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று யார் சொன்னது என்று தேட வேண்டும். டேக்கோகிராஃப் (வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதியும் கருவி), போன் அழைப்புகள், டீசல் ரசீது, சுங்கச்சாவடிப் பதிவு, பிரேக்கைக் கடைசியாகச் சரிபார்த்த ஒர்க்‌ஷாப் சீட்டு ஆகியவற்றை முதல் நாளே எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். வண்டியைப் பழுதுபார்க்கவோ விற்கவோ கூடாது என்ற அறிவிப்பையும் உரிமையாளருக்கு அன்றே கொடுத்துவிட வேண்டும்.