உருளைக்கிழங்கு சாலட்: எலுமிச்சையைச் சூட்டிலேயே பிழியுங்கள்

மத்தியதரைக்கடல் பாணி சாலட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கை ஆறவிடாதீர்கள். நறுக்கிய சூட்டோடு எலுமிச்சைச் சாறு, உப்பு, நசுக்கிய பூண்டு கலந்துவிடுங்கள். அரை கிலோவுக்கு ஒரு பழம் போதும். ஆலிவ் எண்ணெய் 10 நிமிடம் கழித்துத்தான்.

சூடான கிழங்கு சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறினால் மாவுச்சத்து இறுகி, புளிப்பும் உப்பும் மேலேயே நின்றுவிடும். எண்ணெயை முதலில் ஊற்றினால் அது கிழங்கின் மேல் படிந்து சாற்றைத் தடுக்கும். உள்ளே சுவை ஏறிவிட்டால் 2 ஸ்பூன் எண்ணெயே தாராளம். முட்டையும் மயோனைஸும் தேடவே தோன்றாது.

நம் தர்மபுரிப் பக்கம் பாலக்கோட்டுத் தக்காளி மலிவாகக் கிடைக்கும்போது அதையும் சேர்க்கலாம், அருமையாக இருக்கும். ஆனால் தக்காளி, வெள்ளரி, புதினாவுக்கு இந்தச் சூட்டு முறை ஆகாது: நீர் விடும், இலை கறுக்கும். முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். குழைய வெந்த கிழங்குக்கும் இது சரிவராது, கிளறினால் மசியலாகிவிடும்.