சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள்: சமையலறை அலமாரிகளைப் பராமரிக்கும் முறை

ஒரு ஐப்பசி மாதக் காலையில் சிங்க்குக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையை எடுத்தேன். கை ஊன்றிய இடத்தில் அடிப்பலகை டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கியது. மேலே ஒட்டியிருந்த மைக்கா பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் நெம்பியதும் உள்ளேயிருந்து ஈரமான மரத்தூள் கொட்டியது. வந்து பார்த்த ஆசாரி குழாய்க்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, ஈரமான விரலை என்னிடம் காட்டினார். "எண்ணெய்ல கெட்டுப்போன கபோர்டை நான் பார்த்ததில்லைங்க. தண்ணிதான் தின்னுடும்" என்றார்.

அன்றிலிருந்து என் வழக்கமே மாறிவிட்டது. அதுவரை கதவுகளைத் துடைப்பதைத்தான் பராமரிப்பு என்று நினைத்திருந்தேன். கதவில் படியும் பிசுக்கு கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான். அலமாரியின் ஆயுளைத் தீர்மானிப்பது, வெட்டிய விளிம்புகளுக்குள் தண்ணீர் போகிறதா இல்லையா என்பதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்தால் போதும். முதல் இரண்டு படிகளை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

படி 1: உங்கள் அலமாரி எதனால் ஆனது என்று பாருங்கள்

வெளியே எல்லாம் மைக்காவால் மூடியிருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சிங்க்குக்குக் கீழே, கழிவுநீர்க் குழாய் போவதற்காக ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டையின் விளிம்பைப் பெரும்பாலும் யாரும் மூடுவதில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள்.

மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தெரிந்தால் பிளைவுட். அவல் போன்ற மரத்துகள்களை அழுத்தி வைத்ததுபோல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. கெட்டியான அட்டைபோல ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப். உள்ளே கூடாக, வெள்ளையாக இருந்தால் பி.வி.சி.

பிளைவுட்டிலும் வகை உண்டு. பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருந்தால் அது மரைன் வகை. கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கும் தரம் அது. ஐ.எஸ். 303 முத்திரையில் இரண்டு ரகம் வரும்: பி.டபிள்யூ.ஆர். ஓரளவு ஈரம் தாங்கும், எம்.ஆர். என்று இருந்தால் அது படுக்கையறை அலமாரிக்கு ஏற்றது, சிங்க்குக்குக் கீழே வைக்கக் கூடாதது.

பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் ஒருமுறை ஊறி உப்பினால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. உங்கள் வீட்டில் அவை இருந்தால் அடுத்த படியில் இன்னும் கறாராக இருங்கள். பி.வி.சி.க்குத் தண்ணீரால் கவலையில்லை, சூடுதான் எதிரி. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அதன்மேல் வைத்துவிட வேண்டாம்.

படி 2: சிங்க்குக்குக் கீழே ஈரம் தேடுங்கள்

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, அடிப்பலகையைத் துடைத்துக் காயவைத்து, மேலே பழைய நாளிதழை விரியுங்கள். சிங்க்கின் வடிகாலை அடைத்து முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால் கசிவு தெரியாமல் போகலாம். மொத்தத் தண்ணீரும் ஒன்றாக இறங்கும்போதுதான் இணைப்புகளுக்குச் சுமை ஏறும்.

தண்ணீர் இறங்கும்போதே ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். சிங்க்கின் அடியில் உள்ள வட்ட நட்டு, வளைவுக் குழாயின் மூடி, சுவருக்குள் போகும் இடம், குழாய்க்கு வரும் நெளிவு ஹோஸின் இரண்டு முனைகள் என எதையும் விடாதீர்கள். நாளிதழை இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரவட்டம் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே உள்ளதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் அந்த வட்ட நட்டுதான். சில நிமிடங்களுக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்திருக்கிறது. சத்தமே கேட்டதில்லை.

பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை போய்விடும். இறுக்கியும் கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். ஹார்டுவேர் கடையில் பழைய வாஷரைக் காட்டினால் அதே அளவு கொடுப்பார்கள்.

கசிவு நின்று பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, குழாய் ஓட்டையின் வெட்டிய விளிம்பைச் சிலிக்கான் சீலன்ட் தடவி மூடுங்கள். வார்னிஷ் இரண்டு கோட் அடித்தாலும் சரி. இது பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத வீடுகள்தான் அதிகம்.

மேலே கிரானைட்டும் சிங்க்கும் சேரும் இடத்தில் உள்ள சிலிக்கான் கோட்டையும் பார்த்துவிடுங்கள். கறுத்துப்போய், நகத்தால் இழுத்தால் உரிந்து வந்தால் மாற்ற வேண்டியதுதான். பழையதைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். மிச்சம் வைத்து அதன்மேலேயே புதியதைத் தடவினால் ஒட்டாது. சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு இரவு காயவிடுங்கள். இடைவெளியின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூபின் முனையைச் சாய்வாக வெட்டி, கையை நிறுத்தாமல் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். ஈர விரலால் ஒருமுறை வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். அதன்பின் 24 மணி நேரம் அங்கே தண்ணீர் படக் கூடாது. ஊருக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் இரவு செய்வது வசதி.

இன்னொன்று, கை துடைக்கும் துண்டை அலமாரிக் கதவின் மேல் போட்டு வைக்கும் பழக்கம். எங்கள் அம்மா வீட்டில், மாமியார் வீட்டில், எல்லா இடத்திலும் இது உண்டு. அந்தக் கதவின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மற்றக் கதவுகளைவிடத் தடித்திருக்கும். சுவரில் ஒரு கொக்கி அடித்துத் துண்டை அங்கே மாற்றுங்கள்.

படி 3: துடைக்கும் முறை

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் அரை ஸ்பூன் போதும். துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஸ்பிரே பாட்டிலைக் கதவை நோக்கி அடிக்காதீர்கள். வழியும் தண்ணீர் கீழ் விளிம்பில் போய்த் தங்கும். துணியில் அடித்துத் துடையுங்கள்.

நாள்பட்ட எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, மென்மையான துணியால் எடுங்கள். மேட் மைக்காவுக்கு இது ஒத்துவரும். கண்ணாடிபோல மின்னும் அக்ரிலிக் கதவில் சோடாவும் வேண்டாம், ஸ்பிரிட்டும் தின்னரும் வேண்டவே வேண்டாம். கீறலும் வெண்படலமும் விழுந்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும்தான். கம்பி நார் எந்தக் கதவுக்கும் ஆகாது.

வெள்ளை மைக்காவில் மஞ்சள் தூள் கறை பிடித்துவிட்டால் பதற வேண்டாம். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மிச்சமிருக்கும் சாயல் வெயில் படும் கதவாக இருந்தால் சில நாளில் தானே மங்கும். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் தாங்காது.

மேல் அலமாரிகளின் கூரைப்பக்கம் நாளிதழ் விரித்து வையுங்கள். பிசுக்கும் தூசியும் அதில் படியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் வேலை முடிந்தது.

அலமாரித் தட்டுகள் கடப்பா கல்லாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது சுண்ணாம்புக்கல் இனம். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எது பட்டாலும் அரித்து, வெளுத்த தடம் விழும். உப்புத் தண்ணீர்க் கறைக்கு எஃகுக் கூடைகளில் வினிகர் போடலாம், ஆனால் கூடையைக் கழற்றி வெளியே எடுத்துப்போய்ப் போடுங்கள்.

படி 4: ஆவி படும் இடங்கள்

குக்கர் வைக்கும் பர்னருக்கு நேர் மேலே உள்ள அலமாரியின் அடிப்பக்கம் முதலில் உரியும். ஒவ்வொரு விசிலுக்கும் ஆவி நேராக அங்கேதான் போய் அடிக்கிறது. குக்கரையும் இட்லிப் பானையையும் மேலே அலமாரி இல்லாத பர்னருக்கு, அல்லது சிம்னிக்கு நேர் கீழே மாற்றிவிடுங்கள்.

பலகையின் ஓரத்தை மூட ஒட்டியிருக்கும் விளிம்புப் பட்டை ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தால், பழைய பசையைச் சுரண்டி, பலகை காய்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பட்டையிலும் பலகையிலும் ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒட்டி, துணியால் அழுத்தித் தேயுங்கள். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டப்பாவையே திறக்க வேண்டும்.

படி 5: கீலும் சேனலும்

கதவு ஒன்றோடொன்று உரசுகிறதா, ஒருபக்கம் தொங்குகிறதா? ஆசாரியைக் கூப்பிடும் முன் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். உள்ளே மறைந்திருக்கும் கீல்களில் சரிசெய்வதற்கென்றே திருகுகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும். அதற்குப் பின்னால் இருப்பது கதவை முன்னும் பின்னும் நகர்த்தும். அலமாரியின் பக்கப் பலகையில் கீலைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் திருகுகளைத் தளர்த்தினால் கதவை ஏற்றி இறக்கலாம்; அப்போது ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள், கதவை மூடிப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடியும் அரைச் சுற்று.

திருகு சுற்றிக்கொண்டே போகிறது, பிடிக்கவில்லை என்றால் ஓட்டை பெரிதாகிவிட்டது. தீக்குச்சிகளின் மருந்தை உடைத்துவிட்டு, குச்சியில் வெள்ளை மரப்பசை தொட்டு, ஓட்டைக்குள் இறுக்கமாகச் செருகுங்கள். வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, மறுநாள் அதே திருகைப் போடுங்கள். நன்றாகப் பிடிக்கும்.

டிராயர் சேனலில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். இரண்டு நாள் வழுக்கும், பிறகு மாவும் மிளகாய்த் தூளும் ஒட்டிக் கெட்டிப்படும். பழைய பல் துலக்கியால் தட்டிச் சுத்தம் செய்து, காய்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். அப்புறமும் இறுக்கமாக இருந்தால் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடியுங்கள்.

படி 6: தரையோடு இருக்கும் பலகை

கீழ் அலமாரிகளுக்கு அடியில், தரையை ஒட்டி ஒரு நீளப் பலகை இருக்கும். மாடுலர் கிச்சனில் அது பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும், மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பண்டிகைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் தரையைக் கழுவிவிடும் வீடுகளில் தண்ணீர் அதற்கு அடியில் போய்த் தேங்கும். கழுவிய அன்று பலகையைக் கழற்றி, உள்ளே துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள்.

அதே நேரத்தில் டார்ச் அடித்துச் சுவரோரம் பாருங்கள். மண் கோடு ஏறியிருந்தால் கரையான். தட்டினால் பலகை பொத்தென்று ஒலிக்கும். மைதா மாவு மாதிரி மெல்லிய தூளும் குண்டூசி ஓட்டைகளும் இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் எதையும் கலைக்காமல் படம் எடுத்துப் பூச்சி மருந்து அடிப்பவரிடம் காட்டுங்கள். மருந்து அடிக்கும் முன் மளிகைச் சாமான், பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேஸ் சிலிண்டரை அலமாரிக்குள் வைத்திருப்பவர்கள், சக்கரம் வைத்த தட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். 14.2 கிலோ என்பது கேஸின் எடை மட்டும். இரும்பின் எடையும் சேர்ந்து அதை இழுக்கும்போது பலகையின் மைக்கா கிழியும், துரு வளையமும் விழும். அந்தக் கதவில் கீழ்ப்பக்கம் காற்றுத் துளை இருந்தால் சாமான் வைத்து அடைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும், அது வெளியேற வழி வேண்டும்.

பலகை ஏற்கெனவே உப்பிவிட்டது என்றால்

மொத்த அலமாரியையும் மாற்றச் சொல்வார்கள். பக்கப் பலகைகள் கெட்டியாக இருந்தால் அதற்கு அவசியமில்லை. அடிப்பலகையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 பிளைவுட் துண்டு ஒன்றைப் போடலாம். அளவெடுக்கும்போதே ஆசாரியிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: இரண்டு பக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும், நான்கு விளிம்பும் குழாய் ஓட்டையும் மூட வேண்டும், ஆணி அடிக்காமல் திருகு போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போட்டோம். நான்கு திருகைக் கழற்றினால் பலகை முழுசாக வெளியே வந்துவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் எடுத்து மொட்டை மாடி நிழலில் ஒரு நாள் காயவைத்துவிட்டு, திரும்பப் போட்டுக்கொள்கிறேன்.